பழைய ஃப்ளாப்பிக்கு லைக் போட்டது போதும். அதற்குள் இருக்கும் தமிழை எப்போது எடுக்கப் போகிறோம்?

சமூக வலைதளத்தில் பழைய கம்ப்யூட்டர் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, சதுரமான ஃப்ளாப்பி, 'கர்... கர்...' என்று சத்தம் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஐம்பதைத் தாண்டியவர்கள் வரிசையாக வந்துவிடுவார்கள். "செருப்பை வெளியில கழட்டிட்டுத்தான் உள்ளே போகணும்", "ஆபீஸ்லயே ஏசி இருந்த ஒரே ரூம் அதுதான்", "டாஸ் கமாண்ட் எல்லாம் இன்னும் மறக்கல" என்று கமென்ட் குவியும். இளைஞர்கள், "சேவ் பட்டனை நிஜமாவே செஞ்சு வச்சிருக்காங்கப்பா" என்று கலாய்த்துவிட்டு நகர்வார்கள்.

இந்த ஏக்கத்தில் தப்பே இல்லை. ஆனால் பெட்டி மேல் காட்டும் பாசத்தில் பாதியையாவது, பெட்டிக்குள் இருப்பதன் மேல் காட்டுகிறோமா என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. 1980களின் இறுதியில் தொடங்கி 2000களின் நடுப்பகுதி வரை தமிழில் டைப் செய்யப்பட்ட ஏராளமான ஃபைல்களை இன்று திறந்தால், ஒரு வரிகூடப் படிக்க முடியாது. கெட்டுப்போனதால் அல்ல, ஃபைல் நல்லபடியாக இருந்தாலும் படிக்க முடியாது. அதைப் படிக்க வைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில், தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது.

எப்படி இருந்தது அந்தக் காலம்?

இன்றைய தலைமுறைக்காக ஒரு சின்ன ரீவைண்ட். மெட்ராஸ் ஐஐடியில் ஐபிஎம் 370/155 கம்ப்யூட்டர் 1973-ல் நிறுவப்பட்டது. அந்தக் காலத்து மெஷின்களுக்கு புரோகிராம் எழுதுவது என்றால், அட்டையில் துளை போடுவது. ஓர் அட்டையில் 80 எழுத்துகள்தான் கொள்ளும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு, முடிவு அச்சாகி வரும் வரை காத்திருக்க வேண்டும். கட்டு கைதவறி விழுந்தால், வரிசை கலைந்து அன்றைய உழைப்பு போச்சு.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தது. கம்ப்யூட்டர் தனி அறையிலிருந்து மேசைக்கு இறங்கியது. 1984-ல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. அதில் பரவலாக விற்ற மாடலின் நினைவகம் 32 கிலோபைட். இன்று 8 ஜிபி ரேம் உள்ள ஒரு ஃபோன், அதைப்போல இரண்டரை லட்சம் மடங்குக்கும் மேல்.

ஆரம்பகால பிசிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃப்ளாப்பியைச் செருகினால்தான் மெஷினுக்கு உயிரே வரும். ஒரு டிரைவில் டாஸ், இன்னொன்றில் நம்முடைய ஃபைல். விண்டோஸில் இன்றைக்கும் முதல் டிரைவ் 'சி' என்று தொடங்குவதற்கு இதுதான் காரணம். 'ஏ', 'பி' இரண்டும் ஃப்ளாப்பிக்கு ஒதுக்கிய எழுத்துகள். ஃப்ளாப்பி போன பின்னாலும் நாற்காலி மட்டும் காலியாகக் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றத்தை முதலில் தோளில் சுமந்தவர்களில் முக்கியமானவர்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள். ஊருக்கு ஊர் முளைத்த டிடிபி சென்டர்களில் கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், எம்.ஃபில் ஆய்வேடு, கவிதைத் தொகுப்பு, சிறுபத்திரிகை, சங்கத்து ஆண்டறிக்கை என்று எல்லாம் அவர்கள் விரல் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் போயின. கடைசியில், "இந்தாங்க சார், மேட்டர் இதுல இருக்கு" என்று ஒரு ஃப்ளாப்பி கைக்கு வரும்.

பிரச்சினை அந்த ஃப்ளாப்பியில் இருந்து தொடங்குகிறது.

ஃப்ளாப்பிக்குள் இருந்தது தமிழே இல்லையா?

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் பெரும்பாலான ஃபைல்களில் உண்மை அதுதான்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஆங்கிலத்தின் சின்ன 'ஜே' என்றால் அதற்கு 106. சின்ன 'கே' என்றால் 107. இந்த எண் வரிசையில் ஆரம்பத்தில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் நம்மவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, திரையில் தெரியும் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றும் எழுத்துருக்களை, அதாவது ஃபான்ட்களைச் செய்தார்கள்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் மத்தியிலும் பெரிதாகப் புழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று டைப் செய்ய ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். திரையில் அழகாக 'தமிழ்' என்று தெரியும். ஃபைலுக்குள் பதிவாவது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்தால், அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் பல்லிளிக்கும்.

மேடை நாடகத்தில் வேஷம் கட்டுவது மாதிரி. வேஷத்தோடு பார்க்கும்வரை ராஜா. வேஷத்தைக் கலைத்தால் யாரோ ஒருவர்.

இதைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குறுக்குவழி இல்லாமல் போயிருந்தால், தமிழ் கம்ப்யூட்டருக்குள் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் அதற்கான பில் இப்போது வந்திருக்கிறது.

ஆளுக்கொரு எழுத்துரு ஏன்?

பாமினி ஒன்றுதான் என்றால் சமாளித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு ஆர்வலரும் தனித்தனி வரிசையில் எழுத்துகளை அடுக்கினார்கள். ஒருவர் 'த' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ழ' வைத்தார். மயிலை, முரசு அஞ்சல், ஸ்ரீலிபி, வானவில் என்று பட்டியல் நீண்டது. ஓர் அச்சகத்தில் டைப் செய்ததை அடுத்த தெரு அச்சகத்தில் திறக்க முடியாது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருக்க அது உதவியது என்பதும் உண்மை.

பொது வரிசை வேண்டும் என்று முயன்றவர்களும் உண்டு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'இஸ்கி' என்ற தரம் 1991-ல் வெளியானது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் 1997-ல் 'தமிழ்நெட்' மாநாடு நடந்தது. இணையத்தில் கூடிய தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து 'திஸ்கி' என்ற வரிசையை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் வழியாக 'டாம்', 'டாப்' என்ற இரண்டு தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. விசைப்பலகை இன்றும் உங்கள் ஃபோனில் ஒரு தேர்வாக இருக்கலாம். அந்த எழுத்து வரிசைகளோ அன்றாடப் புழக்கத்தில் இருந்து போய்விட்டன.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லையா?

இனி எழுதுவதற்குச் சரியாகிவிட்டது. 1991-ல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி கிடைத்தது. 'த' என்றால் உலகம் முழுக்க 2980. எந்த ஃபோன், எந்த ஃபான்ட் என்றாலும் 'த' 'த'தான். விண்டோஸ் 2000-ல் 'லதா' எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் பயன்பாட்டுக்கான தரமாக அறிவித்தது. இன்று வாட்ஸ்அப்பில் பாட்டிக்குத் தமிழில் மெசேஜ் போட முடிவது இதனால்தான்.

ஆனால் யூனிகோடு பழைய ஃபைலைத் தானாகப் போய்த் திருத்தாது. முன்னால் எழுதியது அப்படியே வேஷத்தோடு நிற்கிறது. அதற்கு அடுக்கடுக்காக மூன்று பூட்டுகள்.

முதல் பூட்டு, வட்டு. 1.44 எம்பி ஃப்ளாப்பியை ஜப்பானில் விற்பதை சோனி நிறுவனம் 2011-ல் நிறுத்திவிட்டது. புது லேப்டாப்பில் சிடி டிரைவே இல்லை, ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? போதாக்குறைக்கு, வட்டின் காந்தப் பூச்சு ஈரத்தில் கெடும், பூஞ்சை பிடிக்கும். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது பூட்டு, மென்பொருள். டிடிபி சென்டர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அந்த ஃபைல்களை இன்றைய மென்பொருள்கள் எளிதில் திறப்பதில்லை.

மூன்றாவது பூட்டு, எழுத்துரு. எந்த ஃபான்ட்டில் அடித்தது என்று தெரிந்தால் மாற்றிவிடலாம். தெரியவில்லை என்றால் இருட்டில் சாவி தேடுகிற கதைதான்.

இந்த மூன்றாவது பூட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய தமிழ் பிடிஎஃப் ஒன்றைத் திறக்கிறீர்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு வரியை காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் கன்னாபின்னா எழுத்து. உள்ளே ஒரு ஊர்ப் பெயரைத் தேடினால் 'கிடைக்கவில்லை' என்கிறது. கூகுளுக்கும் கிடைக்காது. தமிழ் கற்றுக்கொள்ளும் ஏஐ-க்கும் கிடைக்காது. தேடினால் அகப்படாத ஆவணம், இந்தக் காலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சமம்.

900 ஆண்டு தாங்கிய புத்தகம், 16 ஆண்டில் தடுமாறிய வட்டு

இது தமிழுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. இங்கிலாந்தில் 1086-ல் மன்னர் முதலாம் வில்லியம் காலத்தில் எடுத்த நில, சொத்துக் கணக்கெடுப்புக்கு 'டூம்ஸ்டே புத்தகம்' என்று பெயர். அதன் 900-வது ஆண்டையொட்டி, 1986-ல் பிபிசி புதிய டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சம் பேருக்கு மேல் தங்கள் ஊரைப் பற்றி எழுதி, படம் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் லேசர் வட்டுகளில் பதிவானது. படிக்க, பிபிசி மைக்ரோ குடும்பத்துக் கம்ப்யூட்டரும் அதற்கென்றே செய்த வட்டுக் கருவியும் வேண்டும்.

2002 வாக்கில், அந்த வட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. தோலில் மையால் எழுதிய 1086-ம் ஆண்டுப் புத்தகத்தை அப்போதும் படிக்க முடிந்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கம்ப்யூட்டரின் நடத்தையைப் புதிய கம்ப்யூட்டரில் போலச் செய்து, அதை மீண்டும் திறந்து காட்டினார்கள். அது முடிந்ததற்குக் காரணம், வட்டும் மெஷினும் இன்னும் சில இடங்களில் இருந்தன. ஆவணமும் ஆட்களும் இருந்தார்கள்.

நார்வேயில் நடந்தது இன்னொரு கதை. ஈவார் ஓசன் பெயரிலான மொழி மையத்தில், ஓர் அறிஞர் தன் நூல் சேகரிப்புக்குக் கம்ப்யூட்டரில் பட்டியல் தயாரித்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தார். அவர் இறந்துவிட்டார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. 2002-ல் மையம் பொதுமக்களிடம் உதவி கேட்டது. விடை சீக்கிரமே கிடைத்தது: அவருடைய குடும்பப் பெயரைத் தலைகீழாக எழுதியதுதான் பாஸ்வேர்டு.

அவர்களுக்கு அதிர்ஷ்டம். நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் ஃப்ளாப்பி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதும் அப்படி ஒரு பாஸ்வேர்டுதான். அது பெரும்பாலும் ஒரு முன்னாள் டிடிபி ஆபரேட்டரின் நினைவில் மட்டும் இருக்கிறது.

"முக்கியமானது எல்லாம் அச்சாகிவிட்டதே?"

நியாயமான கேள்வி. புத்தகமாக வந்தது புத்தகமாக இருக்கிறது. ஸ்கேன் செய்து எழுத்தை உணரும் மென்பொருள்களும் தமிழுக்கு முன்னேறி இருக்கின்றன. பிறகு எதற்கு ஃப்ளாப்பியோடு மல்லுக்கட்டுவது?

ஏனென்றால் அச்சானது ஒரு பகுதிதான். கிராமத்து வரலாறு எழுதிக் காசில்லாமல் அச்சிடாமல் விட்ட ஆசிரியர், நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்து வைத்த ஆராய்ச்சி மாணவர், பத்து பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்த சிறுபத்திரிகைக்காரர், துறைச்சொல் அகராதி தொகுத்த பொறியாளர், போரில் ஊரைவிட்டு வந்து வெளிநாட்டில் உட்கார்ந்து ஊரின் பெயர்களையெல்லாம் டைப் செய்த ஈழத்துப் பெரியவர். இப்படிப்பட்டவர்களின் எழுத்துக்கு நூலகத்தில் பிரதி இருக்காது. ஃப்ளாப்பியே மூலம், ஃப்ளாப்பியே பிரதி.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம். 1998-ல் அடித்த கல்யாணப் பத்திரிகையும் மளிகைக் கணக்கும் போனால் போகட்டும். ஆனால் எது போகலாம், எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவாவது ஒருமுறை திறந்து பார்க்க வேண்டாமா? இப்போது அந்த முடிவைப் பூஞ்சையிடம் விட்டிருக்கிறோம்.

மாற்ற முடியும் என்பதற்குச் சாட்சியும் நம்மிடமே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் டைப் செய்த தமிழ் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டது. காலம் மாறியதும் அவற்றை யூனிகோடுக்கும் கொண்டுவந்தது. சரியான நேரத்தில் மாற்றியதால் இன்றும் அந்த நூல்களைத் தேடி எடுக்க முடிகிறது.

சரி, என்ன செய்யலாம்?

வீட்டில் செய்யக்கூடியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அலமாரியில் ஃப்ளாப்பி, சிடி இருக்கிறதா என்று அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தி யாரிடமாவது கேளுங்கள். லேபிளில் எழுதியிருப்பதை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "எந்தக் கடையில அடிச்சது? என்ன ஃபான்ட்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். இந்த ஒரு வரிக் குறிப்புதான் பின்னால் பெரிய சாவி.

மூன்றரை அங்குல ஃப்ளாப்பிக்கு, யூஎஸ்பி-யில் செருகும் டிரைவ் இன்னும் ஆன்லைனில் கிடைக்கிறது. செருகும் முன், மூலையில் உள்ள சின்னக் கதவைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால், தவறியும் எதுவும் அழியாது. பூஞ்சை தெரிந்தால் செருகவே வேண்டாம். டிரைவும் கெடும், அடுத்த ஃப்ளாப்பியும் கெடும். "இந்த வட்டு ஃபார்மேட் செய்யப்படவில்லை, செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து 'ஆமாம்' சொல்லிவிடாதீர்கள். அதைவிடப் பழைய ஐந்தேகால் அங்குல வட்டு என்றால் இந்த டிரைவ் உதவாது, அனுபவம் உள்ளவர்களிடம் கொடுப்பதே நல்லது.

ஃபைலை எடுத்ததும் மூலத்தை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியை மாற்றுங்கள். சுரதாவின் 'பொங்குதமிழ்', என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் பாமினி, திஸ்கி, டாம், டாப் போன்ற வரிசைகளை யூனிகோடாக்கும். மாற்றியதை, எழுதியவர் பக்கத்தில் இருந்தால் அவரையே ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

வேலை பெரிதாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எழுத்துருக்களில் ஒரு குறிக்கு ஒரு பைட். பக்கத்துக்கு 1,500 குறிகள் என்று வைத்தால், ஒரே ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பியில் வெறும் எழுத்தாக 900 பக்கங்களுக்கு மேல் இருக்கலாம். மூன்று நாவல். எடுக்க ஆகும் நேரம் சில நிமிடம். புதிதாக டைப் செய்தால் எத்தனை மாதம்?

ஆனால் வீட்டளவில் நிற்கிற வேலை இல்லை இது. பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டுகளில் ஆய்வேடுகளோடு வாங்கி வைத்த ஃப்ளாப்பி, சிடிகளைத் திறந்து பார்க்க வேண்டும். பொது நூலகங்களில், மாவட்டத் தலைநகரத்துக்கு ஒன்றாவது, பழைய வட்டைக் கொண்டுவந்தால் படித்துக் கொடுக்கும் மேசை வைக்கலாம். ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு டிரைவ், அந்தக் காலத்து எழுத்துருக்கள், கூடவே ஒரு முன்னாள் டிடிபி ஆபரேட்டர். அரசுத் துறைகள் பழைய எழுத்துருவில் ஏற்றி வைத்திருக்கும் பிடிஎஃப்களை யூனிகோடுக்கு மாற்ற ஒரு கெடு வைக்க வேண்டும். கைவசம் எழுத்துருக்களும் மாற்று அட்டவணைகளும் வைத்திருக்கும் பழைய நிறுவனங்கள், இனி வியாபாரம் இல்லாத அவற்றைப் பொதுவில் விடலாம். எவருக்கும் நஷ்டமில்லை.

முதல் தலைமுறைக் கம்ப்யூட்டர்காரர்களின் நினைவுகளை நாம் சுவாரஸ்யமான கதையாகக் கேட்டு ரசிக்கிறோம். அவர்கள் நினைவில் கதை மட்டும் இல்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற வரைபடமும் இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு எந்த ஐந்து விசை என்று யோசிக்காமலே அடிக்கும் விரல்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த முறை அவர்கள், "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தால், ஃப்ளாப்பி டப்பாவையும் லேப்டாப்பையும் எடுத்து வந்து பக்கத்தில் உட்காருங்கள்.